சர்வாதிகாரி, கொடுங்கோலன்: சொற்களின் பொருளும் பிறப்பும் – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நாளிதழ் ஒன்றில் மெய்ப்புத் திருத்தும் வேலையில் பல ஆண்டுகளாக இருக்கிறேன். வெளிநாட்டுச் செய்திகளில் சர்வாதிகாரி, கொடுங்கோலன், எதேச்சாதிகாரி ஆகிய மூன்று சொற்களும் ஒரே பொருளில், சில சமயம் ஒரே வாக்கியத்தில், வந்து விழுவதைப் பார்த்து மனம் நொந்திருக்கிறேன். மூன்றும் வெவ்வேறு வழியில் நம்மிடம் வந்தவை. வெவ்வேறு குற்றச்சாட்டைச் சொல்பவை. புதிதாகச் சேரும் உதவி ஆசிரியர்களும் வாசகர்களும் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கான பதில்களை இங்கே எழுதியிருக்கிறேன்.

‘சர்வாதிகாரி’ என்ற சொல்லுக்கு நேர்ப்பொருள் என்ன?

சர்வ + அதிகாரி. வடமொழிச் சொற்கள் இரண்டு சேர்ந்தது. ‘சர்வ’ என்றால் எல்லாம். ‘அதிகாரி’ என்றால் ஒரு பொறுப்புக்கு உரியவர்.

‘உரியவர்’ என்பதைக் கவனிக்க வேண்டும். இன்று அதிகாரம் என்றதும் மிரட்டும் குரல்தான் நினைவுக்கு வருகிறது. ஆனால் அந்தச் சொல்லின் அடியில் இருப்பது தகுதியும் பொறுப்பும். வேதாந்த நூல்களில் ‘அதிகாரி’ என்றால் அந்த நூலைக் கற்பதற்குத் தகுதி பெற்ற மாணவன். திருக்குறளின் 133 பகுதிகளை அதிகாரங்கள் என்கிறோம். ஒவ்வொன்றும் ஒரு பொருளுக்கு உரிய இடம். ஆகவே சர்வாதிகாரி என்றால், சொல்லளவில், எல்லாப் பொறுப்பும் ஒப்படைக்கப்பட்டவர். ஒப்படைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்பதும் அதற்குள்ளேயே அடங்கியிருக்கிறது.

அப்படியானால் அது ஒரு காலத்தில் நல்ல சொல்லாக இருந்ததா?

நல்லது, கெட்டது என்ற பேச்சுக்கே இடமில்லாத பதவிப் பெயராக இருந்தது. மைசூர் அரசில் சர்வாதிகாரி என்றால் அரசருக்கு அடுத்த நிலையில் நிர்வாகத்தைக் கவனித்தவர். நஞ்சராஜர் அந்தப் பட்டத்தோடு மைசூரை நடத்தினார். 1755இல் திண்டுக்கல்லுக்குப் படைத்தலைவராக வந்து சேர்ந்த ஹைதர் அலி, படிப்படியாக உயர்ந்து, 1761இல் மைசூரின் அதிகாரம் முழுவதையும் கையில் எடுத்தபோது சூட்டிக்கொண்டதும் சர்வாதிகாரி என்ற பட்டத்தைத்தான். உடையார் மன்னர் பெயருக்கு அரியணையில் தொடர்ந்தார். ‘எனக்கு மேலே ஒருவர் இருக்கிறார், அவர் சார்பில் நான் எல்லாம் பார்க்கிறேன்’ என்பது அந்தப் பட்டத்தின் வெளித்தோற்றம். நடைமுறை வேறாக இருந்தது.

திருவிதாங்கூரில் சர்வாதிகாரியக்காரர் என்ற பதவி இருந்தது. கன்னியாகுமரி மாவட்டம் முன்பு அந்த அரசின் பகுதியாக இருந்த நிலம் என்பதால், நாஞ்சில் நாட்டுக்காரர்களுக்கு இது அந்நியமான செய்தி அல்ல. கண்டி அரசில் முதன்மை அமைச்சர்களை ‘அதிகாரம்’ என்றே அழைத்தார்கள். பிலிமத்தலாவையும் எஹெலப்பொலவும் அந்தப் பதவியில் இருந்தவர்கள். வங்காளத்தில் சர்பாதிகாரி என்பது இன்றும் ஒரு குடும்பப் பெயர். இந்தியக் கால்பந்தின் தந்தை என்று போற்றப்படும் நாகேந்திர பிரசாத் சர்பாதிகாரியின் பெயரைப் படித்து யாரும் திடுக்கிடுவதில்லை.

இன்றைய பொருள் எங்கிருந்து வந்தது?

ரோமிலிருந்து வந்தது. ‘டிக்டேட்டர்’ என்ற லத்தீன் சொல்லுக்கு ஈடாக, கைக்கு எட்டிய இந்தப் பழைய பதவிப் பெயரை நம்மவர்கள் எடுத்துக்கொண்டார்கள். கன்னடத்திலும் இதே சொல்தான். வியப்பு என்னவென்றால், ரோமிலும் அது முதலில் ஒப்படைக்கப்பட்ட பதவியாகவே இருந்தது.

ரோமக் குடியரசில் ஆட்சித் தலைவர்களாக ஆண்டுதோறும் இரண்டு கான்சல்கள் தேர்ந்தெடுக்கப்பட்டார்கள். ஒருவர் செய்வதை மற்றவர் தடுக்கலாம். அமைதிக் காலத்துக்கு அது நல்ல ஏற்பாடு. பகைவன் வாசலில் நிற்கும்போது இரண்டு தலை உதவாது. அப்போது செனட் சபை கேட்டுக்கொள்ள, கான்சல்களில் ஒருவர் நள்ளிரவின் அமைதியில் எழுந்து ஒருவரை டிக்டேட்டர் என்று பெயர் சொல்லி அறிவிப்பார். லத்தீனில் ‘டிக்டாரே’ என்றால் அழுத்தமாகத் திரும்பத் திரும்பச் சொல்லுதல். அவர் சொல்வது கட்டளை என்பதால் அந்தப் பெயர் என்பர். கான்சலால் ‘சொல்லப்பட்டவர்’ என்பதால் வந்த பெயர் என்று ரோம அறிஞர் வார்ரோ விளக்கினார்.

கான்சலுக்கு முன்னால் பன்னிரண்டு காவலர்கள் கோல்கட்டு ஏந்தி நடப்பார்கள். டிக்டேட்டருக்கு இருபத்து நான்கு பேர். கான்சல் ஊருக்குள் வரும்போது கோல்கட்டுகளிலிருந்து கோடரிகளைக் கழற்றிவிட வேண்டும். டிக்டேட்டருக்கு முன்னால் கோடரியோடு நடக்கலாம். தண்டனை தரும் உரிமைக்கு அதுவே அடையாளம். இந்தக் கோல்கட்டின் லத்தீன் பெயரிலிருந்துதான் பிற்காலத்தில் ‘பாசிசம்’ பிறந்தது.

இத்தனை அதிகாரத்துக்கும் ஒரு வேலி இருந்தது. எதற்காக நியமிக்கப்பட்டாரோ அந்தக் காரியம் முடிந்ததும் இறங்க வேண்டும். எப்படியும் ஆறு மாதத்துக்கு மேல் கூடாது. அனுமதி பெறாமல் குதிரை ஏறக்கூடக் கூடாது.

சின்சினாட்டஸ் கதையை இந்த இடத்தில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கி.மு. 458. ரோமப் படை ஒன்று மலையடிவாரத்தில் எதிரிகளிடம் சிக்கிக்கொண்டது. செனட்டின் தூதர்கள் டைபர் ஆற்றைக் கடந்து அவருடைய நிலத்துக்குப் போனார்கள். ஏறத்தாழ இரண்டரை ஏக்கர். அவ்வளவுதான் அவருக்குச் சொத்து. அவர் நிலத்தில் வேலை செய்துகொண்டிருந்தார். ‘மேலங்கியை அணிந்துகொண்டு செனட்டின் செய்தியைக் கேளுங்கள்’ என்றார்கள். மனைவி ரசீலியாவைக் கூப்பிட்டுக் குடிசையிலிருந்து மேலங்கியை எடுத்துவரச் சொன்னார். புழுதியையும் வியர்வையையும் துடைத்துக்கொண்டு அதை அணிந்த பிறகுதான், தாம் டிக்டேட்டர் என்று அவருக்குத் தெரிந்தது. போனார், வென்றார், பதினாறாம் நாள் பதவியை விட்டு இறங்கினார். ஆறு மாதம் அவருக்கு உரிமை இருந்தது. லிவி எழுதிய வரலாற்றில் இருக்கும் இந்த நிகழ்ச்சியில் புராணச் சாயல் உண்டு என்று சொல்லும் அறிஞர்கள் உண்டு. இருக்கட்டும். டிக்டேட்டர் என்றால் எப்படி இருக்க வேண்டும் என்று ரோமர்கள் தங்கள் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தது இந்தக் கதையைத்தான்.

பிறகு அந்தச் சொல் எப்படிக் கெட்டது?

வேலியைப் பிடுங்கியதால். கி.மு. 202க்குப் பிறகு நூற்றிருபது ஆண்டுகள் ரோமில் டிக்டேட்டரே நியமிக்கப்படவில்லை. கி.மு. 82இல் ரோமத் தளபதி சுல்லா தன் படையோடு ரோமைக் கைப்பற்றி அந்தப் பழைய பதவியைத் தூசி தட்டி எடுத்தபோது, ஆறு மாதம் என்ற வரம்பு மட்டும் காணாமல் போயிருந்தது. கொல்லப்பட வேண்டியவர்களின் பெயர்ப் பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட்டது. சுல்லாவாவது பின்னர் தானாக இறங்கினான்.

அடுத்து ஜூலியஸ் சீசர். கி.மு. 49இல் முதல் முறை டிக்டேட்டர் ஆனபோது பதினொரு நாள் மட்டுமே இருந்தான். கி.மு. 46இல் பத்து ஆண்டுகளுக்கு. கி.மு. 44இன் தொடக்கத்தில் ஆயுளுக்கும். அந்த ஆண்டு வெளியான வெள்ளிக் காசுகளில் சீசரின் முகமும், அதைச் சுற்றி ‘என்றைக்குமான டிக்டேட்டர்’ என்ற பட்டமும் பொறிக்கப்பட்டன. உயிரோடிருக்கும் ஒருவரின் முகத்தைக் காசில் பொறிப்பதே ரோமுக்குப் புதிது. மார்ச் 15ஆம் தேதி குத்திக் கொன்றார்கள். அதன்பின் சீசரின் கூட்டாளி ஆண்டனி சட்டம் கொண்டுவந்து அந்தப் பதவியையே ஒழித்தான்.

சுதந்திரப் போராட்டத்தில் காங்கிரஸ் ‘சர்வாதிகாரி’களை நியமித்தது உண்மையா?

உண்மை. பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிறவர்கள் இதைப் பார்த்துத் தடுமாறிப் போவார்கள். ‘சர்வாதிகாரி கைது’ என்று தலைப்பு இருக்கும். கைதானவர் கதர்ச் சட்டை அணிந்த தொண்டராக இருப்பார்.

1930களின் தொடக்கத்தில் சட்டமறுப்பு இயக்கம் நடந்தபோது காங்கிரஸ் கமிட்டிகளை அரசு சட்டவிரோதமாக அறிவித்தது. கூட்டம் கூட்டி முடிவெடுக்க வழியில்லை. எனவே கமிட்டியின் அதிகாரம் முழுவதும் ஒரே ஒருவரிடம் ஒப்படைக்கப்பட்டது. அவர் சர்வாதிகாரி. அவர் கைதானால், முன்பே தீர்மானிக்கப்பட்ட அடுத்தவர் அந்த இடத்துக்கு வருவார். அவரும் கைதானால் அதற்கடுத்தவர். 1938இல் சென்னை மாகாணத்தில் நடந்த இந்தி எதிர்ப்புப் போராட்டத்திலும் மறியலை நடத்தியவர்களுக்கு இதே பெயர் இருந்தது.

ரோமின் பழைய பொருளுக்கு மிக அருகில் தமிழ் வந்து நின்ற காலம் அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு காரியத்துக்காக, குறுகிய காலத்துக்கு, சிறைக்குப் போகத் தயாராக இருந்தவர்கள் ஏற்றுக்கொண்ட பதவி. ஐரோப்பாவில் ஹிட்லரும் முசோலினியும் அந்தச் சொல்லை நாறடித்த பிறகு, அந்தப் பொருளில் அதை எழுத யாருக்கும் மனம் வரவில்லை. அந்தக் காலத்துச் செய்தியை மேற்கோள் காட்டுகிறவர்கள், தயவு செய்து ஒரு வரி விளக்கம் சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் அந்தத் தொண்டர்களுக்கு அநியாயம் செய்தவர்கள் ஆவோம்.

‘கொடுங்கோலன்’ என்பது எப்படி வந்தது? கொடுமை செய்கிறவன் என்பதாலா?

பலரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சொல் வந்த வழி வேறு. கொடு என்றால் வளைந்த என்று பொருள். கொடுவாள் என்பது வளைந்த வாள். கொடுமரம் என்பது வில். கோடுதல் என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். கொடுங்கோல் என்பது வளைந்துபோன கோல்.

செங்கோல் என்பதும் சிவப்புக் கோல் அல்ல. செம்மை என்பதற்கு நேர்மை, வளையாமை என்ற பொருள் உண்டு. நேராக நிற்பது செங்கோல். வளைந்தது கொடுங்கோல். அந்தக் கோலைப் பிடித்திருப்பவன் கொடுங்கோலன். வளைவு என்ற பொருளிலிருந்துதான் தீமை என்ற பொருள் கொடுமைக்கு வந்து சேர்ந்தது. கோணல் புத்தி என்று இன்றும் சொல்கிறோமே, அதே போக்கு.

கோல் நேராக இருக்கிறதா என்று பார்ப்பது எப்படி? எங்கள் தெருவில் ஓர் ஆசாரி இருந்தார். மரச்சட்டத்தைக் கையில் எடுத்ததும் அதன் ஒரு முனையைக் கண்ணருகே உயர்த்துவார். மறு கண்ணை மூடிக்கொள்வார். சட்டத்தை மெல்ல உருட்டிக்கொண்டே அதன் நீளம் முழுவதும் பார்வையை ஓட்டுவார். எனக்கு நேராகத் தெரிந்த சட்டத்தை அவர் ‘கோணல்’ என்று ஓரம் வைத்துவிடுவார். சந்தேகம் வந்தால் நூல் பிடித்துப் பார்ப்பார். வளைவு நூலுக்கும் மரத்துக்கும் நடுவே இடைவெளியாகத் தெரிந்துவிடும். மரத்தின் கோணலை நூல் தீர்ப்பதுபோல மனக்கோணலைத் தீர்ப்பது கற்கும் நூல் என்று நன்னூல் சொல்வதும் இந்தத் தச்சு வேலையை வைத்துத்தான். நம் முன்னோர் அரசனின் கோலைப் பார்த்ததும் இதே பார்வையோடுதான்.

திருக்குறளில் செங்கோன்மை 55ஆம் அதிகாரம், கொடுங்கோன்மை 56ஆம் அதிகாரம். அடுத்தடுத்து வைத்தது பொருத்திப் பார்க்க வசதியாகத்தான் என்று எனக்குத் தோன்றும். ‘வேலொடு நின்றான் இடுவென் றதுபோலும் கோலொடு நின்றான் இரவு’ என்கிறது அதில் ஒரு குறள். வழியில் வேலை நீட்டிக்கொண்டு ‘கொடு’ என்று கேட்கும் கொள்ளைக்காரனும், கையில் கோலை வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்கும் அரசனும் ஒன்று. இரண்டும் கையில் பிடிக்கும் தண்டுதான். குடிகளின் கண்ணீர்தான் அரசனின் செல்வத்தைத் தேய்க்கும் கருவி என்றும் அதே அதிகாரம் சொல்கிறது.

சிலப்பதிகாரத்தில் பாண்டியனின் கோல் வளைந்தது ஒரே ஒரு தீர்ப்பால். கண்ணகி வருவதற்கு முன்பே, செங்கோல் சாய்ந்து விழுவதாக அவன் தேவி கனவு காண்கிறாள். சிலம்பு உடைந்து, உள்ளிருந்து முத்துக்குப் பதிலாக மாணிக்கம் தெறித்ததும், ‘தாழ்ந்த குடையன், தளர்ந்த செங்கோலன்’ ஆகிறான் மன்னன். அப்படியே உயிர் விடுகிறான். வினையால் வளைந்த கோலைத் தன் உயிரைக் கொடுத்து நிமிர்த்தினான் என்று பிற்பாடு சொல்லப்படுகிறது.

அப்படியானால் சர்வாதிகாரியும் கொடுங்கோலனும் ஒன்றா, வேறா?

வேறு. சர்வாதிகாரி என்பது அதிகாரத்தின் அளவைச் சொல்கிறது. கொடுங்கோலன் என்பது அது எப்படிச் செலுத்தப்படுகிறது என்பதைச் சொல்கிறது.

பாண்டியன் சர்வாதிகாரி அல்லன், அந்தக் காலத்து முடியரசன். ஆனாலும் ஒரு தீர்ப்பில் அவன் கோல் கோணியது. சின்சினாட்டஸ் சர்வாதிகாரி, கொடுங்கோலன் அல்லன். தேர்தலில் வென்று வந்தவரும் கொடுங்கோல் ஆட்சி நடத்தலாம். எல்லையில்லாத அதிகாரம் கையில் இருந்தால் கோல் வளைய நாளாகாது என்பதும் உண்மைதான். ஆனாலும், ஒரு நாட்டில் நாடாளுமன்றம் கலைக்கப்பட்டு ஒருவரே ஆள்கிறார் என்ற செய்திக்குச் ‘சர்வாதிகாரம்’ போதும். மக்கள் வதைக்கப்படுகிறார்கள், நீதி மறுக்கப்படுகிறது என்று சொல்லும் செய்திக்குத்தான் ‘கொடுங்கோல்’ தேவை. அளவின்றிச் செலவழித்தால் அந்தச் சொல்லின் கூர் மழுங்கிவிடும். உண்மையில் தேவைப்படும் நாளில் கையில் ஒன்றும் இருக்காது.

எதேச்சாதிகாரம், ஏகாதிபத்தியம் இரண்டும்?

எதேச்சை என்பது ‘யதா இச்சை’, அதாவது விருப்பப்படி. சட்டத்தையோ பிறர் யோசனையையோ பார்க்காமல் தன் விருப்பத்தையே ஆணையாக்குவது எதேச்சாதிகாரம். ஓர் அலுவலகத் தலைவருக்கும் இது பொருந்தும்.

ஏகாதிபத்தியம் சொல்லளவில் ஒருவரே தலைமை வகிப்பது. ஆனால் தமிழில் ஒரு நாடு பிற நாடுகளை அடக்கி ஆள்வதற்கு அது நிலைத்துவிட்டது. மலையாளத்திலும் சிங்களத்திலும் ‘ஏகாதிபதி’ என்றால் சர்வாதிகாரி. அந்த மொழிகளிலிருந்து செய்தியை மொழிபெயர்க்கிறவர்கள் சற்று விழிப்பாக இருக்க வேண்டும்.

ஆங்கிலத்தில் புழங்கும் ‘டைரன்ட்’, ‘டெஸ்பாட்’ எங்கிருந்து வந்தவை?

இரண்டும் கிரேக்கம். ‘டுரன்னாஸ்’ என்றால் மரபுரிமை இல்லாமல் ஆட்சியைப் பிடித்தவன். கெட்டவன் என்ற பொருள் தொடக்கத்தில் கட்டாயம் இல்லை. கி.மு. ஆறாம் நூற்றாண்டில் ஏதென்ஸை ஆண்ட பெய்சிஸ்ட்ராட்டஸ் அப்படிப்பட்டவன். அவனைப் பழைய ஆசிரியர்கள் மிதமான ஆட்சியாளன் என்றே சொல்கிறார்கள். அவன் மகன் காலத்தில்தான் கசப்பு முற்றியது.

‘டெஸ்பொட்டேஸ்’ என்பதற்கு வீட்டுத் தலைவன், அடிமைகளின் எசமானன் என்று பொருள். இந்தச் சொல்லுக்கு நம் கல்யாணப் பத்திரிகையில் ஓர் உறவினர் இருக்கிறார்: தம்பதி. வேதகால மொழியில் ‘தம்’ என்றால் வீடு, ‘பதி’ என்றால் தலைவன். தம்பதி என்றால் வீட்டின் தலைவன். இருமையில் சொன்னால் வீட்டின் தலைவனும் தலைவியும். கிரேக்கச் சொல்லும் அதே இரண்டு வேர்களால் ஆனது. ஒரே மூலத்திலிருந்து பிரிந்து, ஒரு பக்கம் மணமக்களை வாழ்த்தும் சொல்லாகவும் மறுபக்கம் கொடிய ஆட்சியாளனுக்குப் பெயராகவும் ஆகியிருக்கிறது. அடிமைகளை ஆள்வதுபோலக் குடிமக்களை ஆள்வது என்ற குற்றச்சாட்டு கிரேக்கச் சொல்லுக்குள் இருக்கிறது.

ஜார், கைசர்?

இரண்டும் சீசர் என்ற குடும்பப் பெயரின் திரிபுகள். 1547இல் நான்காம் இவான் ரஷ்யாவின் ஜார் என்று முடிசூடினார். ஜெர்மனியில் அது கைசர். நம் பக்கத்துக்கு அந்தப் பெயர் அதற்கு வெகுகாலம் முன்பே வந்துவிட்டது. சிந்து நதிக்கரையில் ஆரா என்ற இடத்தில் கிடைத்த கல்வெட்டில், கனிஷ்கன் என்ற பெயருடைய குஷாண அரசனின் பட்டங்களுள் ‘கைசர’ என்பதும் ஒன்று. 1877இல் விக்டோரியாவுக்குச் சூட்டப்பட்ட ‘கைசர்-இ-ஹிந்த்’ பட்டமும் அதே. அந்தப் பெயரில் ஆங்கில அரசு தந்த பதக்கத்தைக் காந்தி 1915இல் பெற்று, 1920இல் திருப்பி அனுப்பினார்.

இந்தியில் ‘தானாஷா’ என்கிறார்களே, அது என்ன?

தெலுங்கில் சர்வாதிகாரி ‘நியந்த’, கட்டுப்படுத்துகிறவன். இந்தியின் ‘தானாஷா’வுக்குப் பின்னால் ஒரு மனிதர் இருக்கிறார் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது: கோல்கொண்டாவின் கடைசி சுல்தான் அபுல் ஹசன் குதுப் ஷா. தானா ஷா என்பது அவருடைய பட்டப்பெயர். 1672இல் அரியணை ஏறினார். மாதண்ணா, அக்கண்ணா என்ற அண்ணன் தம்பி இருவரிடம் நிர்வாகத்தை ஒப்படைத்தார். பத்ராசல இராமதாசர் என்று நாம் அறிந்த கோபண்ணாவைச் சிறையில் வைத்தவரும் இவரே, விடுவித்தவரும் இவரே என்று தெலுங்கு நாட்டில் சொல்வார்கள். எட்டு மாத முற்றுகைக்குப் பிறகு 1687இல் ஔரங்கசீப்பிடம் கோட்டை விழுந்தது. மீதி வாழ்நாளைத் தௌலதாபாத் சிறையில் கழித்தார். கொடுங்கோலன் என்று சொல்லத் தக்க வாழ்க்கையாக இது எனக்குத் தெரியவில்லை. அந்தப் பெயர் இந்தியில் இப்படி நிலைத்ததில் வென்றவர்களின் பங்கு இருக்குமோ என்று யோசிக்கத் தோன்றுகிறது.

சர்வாதிகாரிகள் தம்மை அப்படி அழைத்துக்கொண்டதுண்டா?

சிலர் அழைத்துக்கொண்டார்கள். பராகுவேயில் பிரான்சியா 1816இல் ‘நிரந்தர சர்வாதிகாரி’ என்ற பட்டத்தை முறைப்படி பெற்று 1840இல் இறக்கும்வரை ஆண்டார். 1860இல் சிசிலியில் இறங்கிய கரிபால்டி, இத்தாலி மன்னர் பெயரால் தம்மை அந்தத் தீவின் சர்வாதிகாரி என்று அறிவித்தார். ரோமின் பழைய பொருள்தான் அவர் மனத்தில் இருந்தது. வேலை முடிந்ததும் ஆட்சியை ஒப்படைத்துவிட்டுத் தாம் வாழ்ந்த கப்ரேரா தீவுக்குத் திரும்பினார்.

இருபதாம் நூற்றாண்டில் வந்தவர்கள் வேறு பெயர்களைத் தேடிக்கொண்டார்கள். முசோலினியின் ‘டூசே’, ஹிட்லரின் ‘ஃபூரர்’, ஃபிராங்கோவின் ‘கௌதீயோ’ எல்லாவற்றுக்கும் பொருள் தலைவர் என்பதுதான். இந்த வழியைக் காட்டியவன் சீசருக்குப் பின் ரோமை ஆண்ட அகஸ்டஸ். கி.மு. 22இல் ரோமில் பஞ்சம். டிக்டேட்டர் பதவியை ஏற்கும்படி மக்கள் கூட்டம் அகஸ்டஸைச் சூழ்ந்துகொண்டு வற்புறுத்தியது. அவன் மண்டியிட்டு, மேலங்கியைத் தோளிலிருந்து இழுத்துவிட்டு, வெற்று மார்போடு வேண்டாம் என்று கெஞ்சினான். படையும் கருவூலமும் ஏற்கெனவே அவன் கையில் இருந்தன.

‘பாட்டாளி வர்க்கச் சர்வாதிகாரம்’ என்பதில் சர்வாதிகாரி யார்?

தனி ஆள் இல்லை. ஒரு வர்க்கம் முழுவதும் அதிகாரத்தைக் கையில் எடுப்பதை மார்க்ஸ் அப்படிச் சொன்னார். அவருடைய காலத்தில் அந்தச் சொல்லுக்குத் தற்காலிகம் என்ற ரோமச் சாயல் இன்னும் மிச்சம் இருந்தது. அதனால் அரசியல் நூல்களில் அதை அந்தத் தொடராகவே எழுத வேண்டும்; ‘கொடுங்கோல்’ என்று மாற்றுவது பிழை. மெய்ப்பில் ஒரு முறை அப்படி மாற்றி வந்ததைத் திருத்தியிருக்கிறேன்.

‘சர்வாதிகாரி’க்குப் பெண்பால் வடிவம் உண்டா?

தேவையில்லை. அதிகாரி இருபாலுக்கும் பொது. சர்வாதிகாரியும் அப்படியே. பன்மை சர்வாதிகாரிகள். ‘சர்வதிகாரி’ என்று குறிலாக எழுதுவது தவறு. இரண்டு அகரம் சேர்ந்து நெடிலாகிறது. கொடுங்கோலனுக்குப் பன்மை கொடுங்கோலர்.